போட்டு வருது

திருப்பதியில் போட்டு என்றால் மலைமேல் லட்டு பிடிக்கிற மடப்பள்ளி. தெலுங்குக்காரர்கள் தலைவலியைத் தலைப்போட்டு என்பார்கள். எங்கள் நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழில் போட்டு என்றால் படகு. இந்த மூன்றும் எனக்குத் தெரியும். நாலாவதாக ஒன்று இருப்பது எனக்குத் தெரியவில்லை. அதனால் என் தம்பி செத்தான். அவன் எப்படிச் செத்தான் என்று அவன் மனைவியிடம் ஏழு வருடம் நான் சொல்லவில்லை.

நான் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால்கூட வாயைத் திறந்து சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் யாராவது இறங்கும்போது கூடவே இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். இது ஒரு முறை, இரண்டு முறை இல்லை. தம்பி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

என்னைக் கட்டியவர் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டேன். திருப்பதியில் ஆற்றங்கரைப் பக்கம் இரண்டு அறை வீடு. ஆறு என்றால் சொர்ணமுகி. பெயரில்தான் பொன். வருடத்தில் பத்து மாதம் வெறும் மணல். அந்த மணலும் லாரியில் போய்விடும். எங்கள் வீட்டுச் சுவர்ப் பூச்சும் அந்த மணல்தான், வெயில் பட்டால் அங்கங்கே மினுங்கும்.

தம்பி சமையல்காரன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் போவான். காய் நறுக்கவும் மாவாட்டவும் நான் கூடப் போவேன். எங்கே அடுப்பு மூட்டினாலும் அந்த இடத்துக்குப் போட்டு என்றுதான் பெயர் வைப்பான். “போட்டுக்குள்ள செருப்பு மாட்டிக்கினு வராதீங்கய்யா” என்று பந்தல் போடுகிறவர்களை விரட்டுவான். அவன் காலில் மட்டும் செருப்பு இருக்கும்.

அவனுக்குக் குடிப்பழக்கம் இருந்தது. ஒரு கல்யாணத்தில் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டு, அண்டா பக்கத்திலேயே விழுந்து தூங்கினான். மறுவாரம் அவன் மனைவி அவனைக் காணிப்பாக்கம் கூட்டிக்கொண்டு போனாள். கோயில் குளமான கோனேரியில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று சொல்கிற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் கோர்ட்டில் சொல்கிற சொல்லைவிட மதிப்பு அதிகம். அங்கே சொன்னதை மீறினவனை அவர் விடமாட்டார் என்று நம்புகிறவர்கள் நாங்கள். இனித் தொடமாட்டேன் என்று அவன் சொன்னான். மூன்று வருடம் தொடவும் இல்லை. இதற்கு நான் சாட்சி.

அந்த வருடம் மழை பிந்திப் பெய்ததால் தை மாதத்திலும் ஆற்றில் தண்ணீர் ஓடியது. நிலத்தையும் பாறையையும் பற்றிப் படிக்கிற கல்லூரிப் பிள்ளைகளை சொர்ணமுகி கடலில் சேர்கிற இடத்துக்கு அழைத்துப் போனார்கள். நாலு நாள் சமைக்க எங்களைக் கூப்பிட்டார்கள். வீட்டு ஓரமாகப் போகிற ஆறு எங்கே போய் முடிகிறது என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. கடலையும் பார்த்ததில்லை.

ஆறு கடலில் நேராகப் போய் விழும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு மணல்மேடு, விரலை நீட்டினாற்போல வடக்கே நீண்டு கிடந்தது. ஆறு அதைத் தாண்ட முடியாமல் இந்தப் பக்கமாகவே நெளிந்து போய், விரல் நுனியில் இருந்த சின்ன வாய் வழியாகக் கடலுக்குள் போனது. மேட்டின் கடல் பக்கத்தில் மீனவர்கள் படகை ஏற்றி வைத்திருந்தார்கள். எங்கள் முகாம் இந்தக் கரையில். நடுவில் ஓடிய தண்ணீர் முழங்கால் அளவுதான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே ஒரு முறை போய்வந்தேன்.

பாடம் நடத்திய அம்மாவை எல்லாரும் மேடம் என்றார்கள். தெலுங்குக்காரர். எங்களோடு அரைத் தமிழில் பேசுவார். முதல் நாள் காலை டீ கேட்டு வந்தவர் என் தோசைக்கல்லைப் பார்த்து நின்றுவிட்டார். கைதட்டிப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். அத்தனை பேரும் சுற்றி நின்றதும் நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

“அம்மா, மாவு ஊத்துங்கோ. தேய்க்காதீங்கோ.”

ஊற்றினேன். மாவு தானாகப் பரவி, அங்கங்கே விரல் விட்டு நின்றது. ஆறு கொண்டுவந்து கொட்டுகிற மண்ணை யாரும் தொடாவிட்டால் இப்படித்தான் கடலுக்குள் விரல் நீட்டுமாம், அதற்கு டெல்டா என்று பெயராம். பிறகு கரண்டியின் அடியால் ஓரத்தை மட்டும் தேய்க்கச் சொன்னார். விரல்கள் மறைந்து ஓரம் வழவழவென்று வளைந்தது. அது அலை செய்கிற வேலையாம். ஆறு கொட்டக் கொட்ட, அலை அதைப் பக்கவாட்டில் இழுத்துக் கரையோரமாகப் பூசிவிடும். எதிரே தெரிகிற மணல்மேடு அப்படிப் பூசினதுதானாம். அடுத்த தோசையில் கரண்டிக் காம்பை விட்டு உள்ளேயும் வெளியேயும் இழுக்கச் சொன்னார். மாவு கீற்றுக் கீற்றாகப் பிரிந்தது. கடல் தினமும் ஏறி வடிவது பெரிதாக இருக்கிற இடங்களில், வங்காளப் பக்கத்தில், நிலம் இப்படித்தான் கிழிந்து தீவு தீவாகக் கிடக்குமாம். கடைசியில் கல்லையே ஒரு பக்கம் தூக்கச் சொன்னார். மாவு வழிந்து அடுப்பில் விழுந்து புகைந்தது.

“மேடம், இதெல்லாம் யாரு துன்றது?” என்றான் தம்பி.

“மீரே,” என்றார் மேடம். “நீங்கதான்.”

ஒரு தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, “டெல்டாவுல உப்பு கம்மி மேடம்” என்றான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கல்லைத் தூக்கியதன் அர்த்தத்தை அவர் பிறகு சொன்னார். அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தரை என்பது ஒரே துண்டு இல்லையாம். பெரிய பெரிய பலகைகள் மாதிரி உடைந்து, நகம் வளர்கிற வேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்குமாம். நாம் நிற்கிற நிலம் ஒரு காலத்தில் பனி மூடிய வேறொரு நிலத்தோடு ஒட்டிக் கிடந்து, பிறகு கிழிந்து வந்ததாம். கிழிந்த ஓரம்தான் இந்தக் கரை. மேற்கே நிலம் தூக்கிக்கொண்டு நிற்பதால் நம் ஆறெல்லாம் கிழக்கே ஓடி வருகிறது. ஒரு பலகை இன்னொன்றில் மோதுகிற கரையாக இருந்திருந்தால், கால் வைத்ததும் பெரிய ஆழமாக இருக்கும், ஆறு கொட்டுகிற மண் சரிந்து உள்ளே போய்விடும். இங்கே மோதல் இல்லை. கடலடி மெதுவாகச் சரிகிறது, மண் கரையோரமே தங்குகிறது, அலை அதை எடுத்து மேடு கட்டுகிறது. அமைதியான கரை என்று மேடம் சொன்னார். அந்தச் சொல் மட்டும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

மூன்றாம் நாள் பௌர்ணமி. காலையிலிருந்து தம்பி என்னோடுதான் இருந்தான். சோறு வடித்தான், ரசம் கூட்டினான். மேடமும் பிள்ளைகளும் வடக்கே, ஆற்றின் வாய்ப் பக்கம், கோல் நட்டு அளந்துகொண்டிருந்தார்கள். படகு வந்திருக்கிறது, மதியத்துக்கு மீன் வாங்கி வருகிறேன் என்று பத்தரை மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனான். அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டான். மேட்டின் இந்தப் பக்க ஓரத்தில் நின்று லுங்கியை மடித்துக் கட்டினான். தண்ணீரில் கால் வைத்தவன், உடனே எடுத்துவிட்டான். போகும்போது முழங்கால் இருந்தது, இப்போது தொடைக்கு வந்திருந்தது.

என் பக்கத்தில், தலையில் கூடையோடு ஒரு மீன்காரம்மா நின்றிருந்தாள். அவள் கூடையைக் கீழே போட்டுவிட்டு அவனைப் பார்த்துக் கத்தினாள்.

“போட்டு வஸ்தாந்தி! போட்டு! போட்டு!”

வாய்ப் பக்கமாகக் கையை வீசி வீசிக் காட்டினாள். காற்று கடலிலிருந்து அடித்தது. அவனுக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

“இன்னாக்கா சொல்றா அந்தம்மா?”

அவள் கை காட்டிய பக்கம் உண்மையாகவே ஒரு படகு தெரிந்தது. படகு வருகிறது, அதில் ஏறி வரச் சொல்கிறாள் என்று எனக்குப் பட்டது. எந்தப் படகு என்று அவளைக் கேட்டிருக்கலாம். ஒரு சொல். முகம் தெரியாத பெண்ணிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. அவளிடம் கூச்சப்பட்ட நான், தம்பிக்காக, என் வாழ்நாளில் கத்தாத கத்தலாகக் கத்தினேன்.

“போட்டு வருதாம்டா! அங்கயே நில்லு!”

அது அவனுக்குக் கேட்டுவிட்டது. மீன் பையைத் தூக்கிக் காட்டித் தலையை ஆட்டினான்.

“யக்கா, ஒனக்குள்ள இவ்ளோ கொரலு இருக்குதா!”

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. மேட்டில் நின்றபடி படகைப் பார்த்துக்கொண்டிருந்தான். மீன்காரம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னும் கத்திக்கொண்டே தண்ணீரில் இறங்கினாள். படகு வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டது. வாய் வழியாகக் கடல் உள்ளே வந்தது. ஆறு வெளியே போக முடியாமல் பின்னால் தேங்கி வீங்கியது. கடல் பக்கமிருந்து ஒரு அலை மேட்டின் முதுகில் ஏறி வழிந்தது. இரண்டாவது அலைக்கு மேடு நடுவில் அறுந்தது. அவன் நின்ற இடத்தில் பழுப்பாகத் தண்ணீர் ஓடியது. மீன் பை மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது. அவனுக்கு நீச்சல் தெரியாது. மணல் ஆற்றின் கரையில் வளர்ந்தவர்களுக்கு நீச்சல் எங்கிருந்து வரும்?

மீன்காரம்மா இடுப்புத் தண்ணீரில் நின்று மார்பில் அடித்துக்கொண்டாள். “போட்டு அனி செப்தினி கதம்மா! சமுத்திரம் ஏறுதுன்னு சொன்னனேம்மா, எந்துக்கு அந்த மனுஷன் நின்னாரு?” என்று பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் என்னிடமே கேட்டாள்.

கடல் தினமும் இரண்டு முறை ஏறுகிறது. அந்த ஏற்றத்துக்குக் கடற்கரைத் தெலுங்கில் போட்டு என்று பெயர். தமிழில் ஓதம் என்பார்களாம். அந்தச் சொல்லும் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. கடல் இல்லாத ஊரில் கடல் ஏறுவதற்கு ஒரு சொல் எதற்கு?

இரண்டு நாள் கழித்துத் தெற்கே வெகுதூரத்தில் உடம்பு ஒதுங்கியது. அந்த மாதங்களில் அலை கரையோரமாகத் தெற்கே இழுக்கும், மற்ற மாதங்களில் வடக்கே இழுக்கும் என்று மீனவர்கள் சொல்லி, நேராக அங்கேதான் தேடப் போனார்கள்.

கருமாதிக்குப் பாகாலாவிலிருந்து எங்கள் தாய்மாமன் வந்திருந்தார். எல்லார் முன்னாலும் அவர்தான் ஆரம்பித்தார்.

“தண்ணி ஏறிக்கினே வருது. புத்தி இருக்கறவன் நிப்பானா? மீனு வாங்கப்போன எடத்துல ஊத்திக்கினு இருப்பான்.”

“காணிப்பாக்கத்துல சொன்ன சொல்லு ஆச்சே மாமா,” என்றாள் தம்பி மனைவி.

“அதான், சாமி சும்மா வுடுமா?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவன் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால், குடிக்காதவன் ஏன் நின்றான் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் நான்.

அதோடு அவள் மாறிவிட்டாள். முதல் வருடத் தெவசத்தோடு சரி. அவன் படத்தை எடுத்து, அரிசி டப்பாவுக்குப் பின்னால் சுவரைப் பார்க்க வைத்துவிட்டாள். தை வந்தால், “சாமிகிட்ட சொன்னத மீறினவனுக்கு நான் இன்னாத்துக்குப் படைக்கணும் அண்ணி?” என்பாள். நான் மாவாட்டிக்கொண்டிருப்பேன். நானும் அவளும் இட்லி மாவு விற்றுப் பிழைத்தோம். ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்தோம். செத்தவனோடு அவள் தினமும் சண்டை போட்டதை ஏழு வருடம் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

போன தை மாதம் மேடம் வீடு தேடி வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம். தம்பியை மறக்கவில்லை என்று சொன்னார். அந்தக் கரையை மேலே வானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டுவந்திருந்தார். வருடத்துக்கு ஒன்றாகத் தரையில் பரப்பி வைத்தார். மணல் விரல் ஒரு படத்தில் நீண்டிருந்தது, அடுத்ததில் அறுந்திருந்தது, அதற்கடுத்ததில் வேறு இடத்தில் முளைத்திருந்தது.

“அவரு நின்ன எடம் எது?” என்று தம்பி மனைவி கேட்டாள்.

மேடம் கடைசிப் படத்தில் நீலமாக இருந்த ஒரு இடத்தைத் தொட்டார். “இப்போ இல்லம்மா. சமுத்திரம். அங்க போகவேண்டிய மணல் கொஞ்சம்தான் போகுது. மிச்சமெல்லாம் இங்கதான் உந்தி, இங்க இருக்கு,” என்று எங்கள் சுவரைக் காட்டினார்.

பிறகு தானாகவே சொன்னார். “நம்ம சமுத்திரத்துல ஏத்தம் சின்னதுதான். இடுப்பு ஒயரம்கூட இல்ல. ஆனா அலை கட்டின மேடு வாயை அடைச்சுடுது. அத்தனை தண்ணியும் ஒரே சின்ன வாய்ல நுழையணும்னா, அந்த வேகம் தாங்க முடியாது. போட்டு வஸ்தாந்தின்னு அந்த மீன்காரம்மா அத்தனை கத்து கத்தினாளாம். எந்துக்கு நின்னாரோ, எனக்கு இன்னிக்கும் புரியல.”

“எந்தப் போட்டு? மலைமேல இருக்கறதா?” என்றாள் இவள்.

மேடம் விளக்கிச் சொன்னார். இவள் கேட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். மேடத்துக்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை. அவர் போன பிறகு, ஊற வைத்த அரிசியில் கையை விட்டபடி, எல்லாவற்றையும் சொன்னேன். நான் கத்தியது, அவன் தலையாட்டியது, எவ்வளவு குரல் என்று கேட்டது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“காலையிலேர்ந்து ஒங்கூடத்தான் இருந்தாரா?”

“ஆமா.”

“வாயில வாசனை?”

“ரசம் வாசனைதான். உப்பு பாக்கச் சொல்லிக் கரண்டிய நீட்டினான்.”

அரிசியில் மிதந்த உமியைப் பொறுக்கிப் போட்டாள்.

“நீ தப்பா கேட்டத நான் ஒண்ணும் சொல்லல. எனக்கும் போட்டுன்னா படகுதான். மாமா பேசினாரே, அன்னிக்கி எம்பக்கத்துலதான ஒக்காந்துகினு இருந்த?”

அண்ணி என்ற சொல் அதில் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.

மறுநாள் காலை, “கெளம்பு, காணிப்பாக்கம்” என்றாள். அவன் படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டாள். பாகாலாவில் இறங்கி மாமாவையும் கூப்பிட்டாள். அவர் முழங்கால் வலி என்றார். “ஏழு வருசமா ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சீங்களே, அப்ப கால் வலிக்கலயா? வாங்க,” என்றாள். வந்தார்.

கோனேரியில் முழுகினேன். ஈரச்சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டது. சந்நிதிக்கு முன்னால் எங்களுக்குப் பின்னால் பெரிய வரிசை நின்றது. என் தம்பி குடிக்கவில்லை, நான்தான் நிற்கச் சொன்னேன் என்று சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

“மாமாவுக்குக் கேக்கல,” என்றாள் அவள். துண்டைப் பிரித்துப் படத்தைச் சாமி பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அன்னிக்கி கத்தினயே, அந்த மாதிரி சொல்லு.”

கத்தினேன். வரிசை நகராமல் நின்றுவிட்டது. பூ விற்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டு, “செரி, செரி, வா” என்றார். அவள் அசையவில்லை. இன்னொரு முறை சொல் என்று கண்ணால் காட்டினாள். இன்னொரு முறையும் கத்தினேன். அர்ச்சகர் வந்து கையசைத்து எங்களை நகரச் சொன்னார்.

திரும்பும்போது மாமா பாகாலாவில் இறங்கிக்கொண்டார். பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடத்தில் தம்பியின் படத்தை, முகம் மேலே தெரிய வைத்திருந்தாள். அதன் கண்ணாடியைத் துண்டின் முனையால் துடைத்துத் துடைத்து விட்டுக்கொண்டிருந்தாள். படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. அவளும் என்னை உட்காரச் சொல்லவில்லை. ஈரச்சேலையோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, திருப்பதி வரை நின்றபடியே வந்தேன்.